இருபது முழத் துணியும் ஏழு மாத வயிறும்

ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவுவது பெரிய வேலையில்லை. சீவிய பாலைச் சுமந்து ஸ்டோரில் சேர்ப்பதுதான் வேலை. தோளில் காண்டாக் கம்பு, அதன் இரண்டு முனையிலும் பால் வாளி. மலேசியாவில் கிள்ளானுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பதினொரு வருஷம் அப்படிச் சுமந்தேன். வயிற்றில் பிள்ளையோடு சுமந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதல்ல. உங்களுக்கும் வயிறு நடுவில் விட்டுப்போயிருக்கும். நீங்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மேடு

இரண்டாவது பிள்ளை பிறந்து ஒரு வாரம் இருக்கும். படுத்திருந்தவள் எழுந்திருக்கத் தலையைத் தூக்கினேன். தொப்புளிலிருந்து நெஞ்சுக்குழி வரைக்கும் வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு மேடு எழும்பியது. தலையைச் சாய்த்தால் மேடு போய் அந்த இடம் பள்ளமாகிவிடும். அதில் மூன்று விரல் தாராளமாக இறங்கியது. வலி கிடையாது. இடுப்புதான் என்னுடையது மாதிரியே இல்லை.

என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாம்பைக் கண்டாலும் நின்று பார்க்கிற மனுஷன், இரண்டடி பின்னால் போய்விட்டார். அங்கிருந்தே சொன்னார்: "இதப் போயி யாருகிட்டயும் காட்டாத புள்ள, பேய் புடிச்சிருக்குன்னு சொல்லுவாங்க."

மாக் மீனாவின் துணி

தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அந்த மலாய்க்காரர் கிராமத்தில், மாக் மீனா என்று ஒரு மலாய் மருத்துவச்சி இருந்தாள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவைதான். பேய் என்று அவள் சொல்லவில்லை. பள்ளத்தில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு, தசை இரண்டும் கதவுகள் மாதிரி விலகிக்கொண்டன, சேர்த்துவைத்துக் கட்டினால் கொஞ்சம் கூடும் என்றாள்.

மலாய்க்காரப் பெண்கள் பிள்ளை பெற்றதும் கட்டிக்கொள்கிற நீளத் துணியைக் கொண்டுவந்தாள். இருபது முழம் இருக்கும். இடுப்பிலிருந்து மார்புக்குக் கீழ் வரை இறுக்கிச் சுற்றினாள். நாற்பது நாள் கட்டியதில் மூன்று விரல் பள்ளம் இரண்டு விரலானது. அவிழ்த்த அன்று துணியை என்னிடமே கொடுத்துவிட்டு, மலாயில் இரண்டு தடவை சொன்னாள். தமிழில் சொன்னால் இதுதான்: "இது பெத்தவளுக்குக் கட்டுற துணி, சுமக்கிறவளுக்கு இல்ல."

பெரட்டில்

இரண்டு வருஷம் கழித்து மூன்றாவது தரித்தது. ஐந்தாம் மாதத்திலேயே வயிறு நடுவில் திறந்துகொண்டு முன்னால் சரிந்தது. நான் ஒரு பக்கம் நடந்தால் அது ஒரு பக்கம் போனது. வாளியைத் தூக்கினால் நிமிர முடியவில்லை. ஒருநாள் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்து நானே சுற்றிக்கொண்டேன். மாக் மீனா சொன்னது மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நிமிர்ந்து நடந்த சுகம் இருக்கிறதே, அதற்குமுன் யார் சொன்னதும் காதில் ஏறாது.

எங்கள் தோட்டத்தில் ஏழாம் மாதம் வந்துவிட்டால் பெண்களை வாளி தூக்கவிடாமல் புல் வெட்டுக்கு மாற்றுவது வழக்கம். ஒரு திங்கட்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேர் எழுதி வேலை பிரித்துக் கொடுக்கிற கிராணியிடம் போய்க் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்தார். துணி அதை ஒட்டப் பிடித்திருந்தது. எந்த வயிறு என்று கேட்டுச் சிரித்தார். அத்தனை ஆண்கள் நடுவில் அவிழ்த்துக் காட்டவா முடியும்? வாளியை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் துணி கட்டாமல் போய் நின்றேன். ஏழு மாதமும் முன்னால் நின்றது. கிராணிக்குக் கோபம் வந்துவிட்டது. உள்ளே எதையோ அடைத்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சொன்னதையும் கேட்கவில்லை. சனிக்கிழமை வைத்தியம் பார்க்க வரும் டிரஸ்ஸரிடம் சீட்டு வாங்கி வரச் சொன்னார். போகும்போது திரும்பிப் பார்த்து, "நேத்து இல்லாத வயிறு ராத்திரியில வளந்துச்சா?" என்றார்.

சீட்டு

சனிக்கிழமை வரைக்கும் மறுபடி கட்டிக்கொண்டுதான் சுமந்தேன். கட்டாமல் சுமக்க முடியாது. டிரஸ்ஸர் வயதானவர், அதிர்ந்து பேசமாட்டார். நான் துணியை அவிழ்க்க அவிழ்க்கப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிச் சுற்று விழுந்ததும் கையை வைத்துப் பார்த்தார். எத்தனை நாளாகக் கட்டுகிறாய் என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் என்றேன். வாளி தூக்கக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மூன்று நாள் புல் வெட்டினேன். நான்காம் நாள் வலி கண்டது. மாக் மீனா வருவதற்குள் பாதி முடிந்துவிட்டது. பெண் பிள்ளை. அழவில்லை. துணியா, வாளியா, என் தலையெழுத்தா, யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம், இன்றைக்கும் இருக்கிறது.

எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிட்டு மாக் மீனா வெளியே போனாள். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அதை எடுத்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "இப்ப கட்டலாம்."

புதுக் கிராணி

நான் கட்டவிடவில்லை. அந்தத் துணியைத் தொடவே கை வரவில்லை. வயிறு திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது. நான்கு மாதம் கழித்துப் பழைய கிராணி மாற்றலாகிப் போக, புதிதாக ஒருவர் வந்தார். சின்ன வயசு, நல்ல மனுஷன். முதல் நாள் பெரட்டில் நான் வாளியை மாட்டுவதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, தோளிலிருந்த கம்பைத் தன் கையாலேயே இறக்கி வைத்தார்.

"இந்த வயித்த வச்சிக்கிட்டு உன்ன யாரும்மா வாளி தூக்கச் சொன்னது, எத்தன மாசம்?" என்றார்.

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், பெரட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான் ஏழு என்றேன். பிள்ளை இருந்தபோது சீட்டு கேட்ட தோட்டம், பிள்ளை இல்லாத வயிற்றைப் பார்த்த மாத்திரத்தில் நம்பிப் புல் வெட்டுக்கு அனுப்பியது.