ரோஷானிக்கு மட்டும் ஓடிய புரோகிராம்

யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் லியோனுக்கு ஊரில் எவன்மீதும் பொறாமை கிடையாது. பக்கத்து லயன் வீட்டு அந்தனி த்ரீவீலர் வாங்கியபோது வாயார வாழ்த்தியவன்தான். கட்டிய மனைவியைப் பார்த்துத்தான் அவனுக்கு வயிறு எரிந்தது.

சனிக்கிழமைகளில் டவுனில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கு இருவரும் போனார்கள். ஆசைப்பட்டவன் அவன். முன்பள்ளியில் படிப்பிக்கும் ரோஷானியைத் துணைக்குத்தான் கூட்டிப் போனான். துணைக்கு வந்தவள் முந்திவிட்டாள்.

அந்த வாரம் வகுப்பெடுக்கும் சேர் ஜாவாவில் ஒரு வேலை கொடுத்திருந்தார். கணிதக் கோவை ஒன்றை எழுதிக் கொடுத்தால், அதற்கென்றே எழுதிவைத்த லைப்ரரி நிரல் அதை வகையிட்டு விடை சொல்ல வேண்டும். வீட்டில் ஒரே லெப்டொப். ரோஷானி எழுதிய புரோகிராம் முதல் நாளே ஓடிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மழை. மழையென்றால் பால்வெட்டு இல்லை. லியோன் காலையிலேயே உட்கார்ந்தான். கரும்பலகையில் எழுதுவதுபோல 2x என்று போட்டான். நடுவே பெருக்கல் குறி இல்லையென்று லைப்ரரி மறுத்தது. சைன் சார்புக்கு வளைந்த அடைப்புக்குறி போட்டான். சதுர அடைப்புக் கேட்டது. ஒன்றைத் திருத்தினால் இரண்டு பிழைகள் சிவப்பாக வந்து நின்றன.

"நான் பாக்கட்டாங்க?" என்றாள் ரோஷானி, ரொட்டியைத் தட்டில் வைத்தபடி.

"நீ ஒன் வேலயப் பாரு."

மறுநாள் வெயில். மலைக்குப் பால் வெட்டப் போய்த் திரும்பி வந்து திறந்தால், புரோகிராம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். "மெஷினுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்தா தானா சரியாகிரும்."

ரோஷானி சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பும் அவனுக்குப் பிடிக்கவில்லை. இரண்டும் ஓடினாலும் சேர் அவளைத்தானே மெச்சுவார்?

வெள்ளிக்கிழமை அவள் தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போன நேரம் பார்த்து, அவளுடைய புரோகிராமில் மூடும் அடைப்பு ஒன்றை அழித்துவிட்டான். மனசுக்கு இனித்தது.

சனிக்கிழமை, வகுப்பின் பெரிய திரையில் அவளுடையது பிழை காட்டியது. சேர் புருவத்தைத் தூக்கினார். லியோன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். ரோஷானி வரிகளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், அடைப்பைப் போட்டாள், விடை வந்துவிட்டது.

"ஹரி ஹொந்தய்," என்று சிங்களத்தில் மெச்சினார் சேர்.

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் லியோனுக்குப் பொறுக்கவில்லை. "எப்புடி அவ்வளவு சுருக்கா புடிச்ச?"

"புதன்கெழம நீங்க மலைக்குப் போன பொறகு ஒங்களோடதுல இந்த மாதிரி ஏழெட்டுத் திருத்துனேங்க. கண்ணு பழகிருச்சு," என்றாள் காதோடு. "சொன்னா கோவிப்பீங்கன்னுதான் சொல்லல."

அடுத்து லியோனைக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான். அவன் புரோகிராம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடி விடை சொன்னது. வகுப்பே கைதட்டியது. முதலில் தட்டியவள் ரோஷானி.