தரையில் படுத்தால்தான் தெரிகிற குளிர்

இன்று காலை எங்கள் கோழி ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது இதுதான்: தண்ணீர்த் தட்டுப் பக்கம் ஒரு குஞ்சுகூட இல்லை!

அத்தனையும் எதிர் மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தன.

தெரியாதவர்களுக்காக: செஞ்சிக்கு வெளியே, மேல்மலையனூர் ரோட்டில் நாங்கள் பிராய்லர் கோழி வளர்க்கிறோம். கம்பெனி குஞ்சு கொடுக்கும், நாங்கள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஒன்பதாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து குஞ்சுகளுக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். (அட்டெண்டன்ஸ் மட்டும் எடுக்க முடியாது.)

இந்த பேட்ச் வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

குவியலைக் கலைத்தேன். அடியில் ஏழு நசுங்கிச் செத்திருந்தன.

நைனா (எங்கள் அப்பா) போன் போட்டதும் கம்பெனி சூப்பர்வைசர் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். மார்கழிப் பனியில் கோட்டை மலையே தெரியவில்லை, அவர் கூலிங் கிளாஸ் போட்டிருந்தார்!

வந்ததும் தெர்மாமீட்டரைப் பார்த்தார். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற பல்புக்குப் பக்கத்தில், தன் கண்ணுக்கு நேராக, அவரே கட்டித் தொங்கவிட்டது அது.

“முப்பத்திமூணு டிகிரி. பக்காவா இருக்குது.”

“அப்புறம் ஏம்பா இப்படி ஒண்டிக்கினு கிடக்குதுங்க?” என்றார் நைனா.

“குஞ்சே வீக்குண்ணே. பாப்பா, சோந்து கிடக்கிறத எல்லாம் பொறுக்கி பக்கெட்ல போடு. வுட்டா மத்ததுக்கும் நோயாயிடும்.”

பக்கெட்டில் போட்டால் அதோடு கதை முடிந்தது. எதுவும் திரும்பி ஷெட்டுக்கு வராது.

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. யாராவது வந்தால் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டு நிற்பேன். அதனால் வாயைத் திறக்காமல் பொறுக்கினேன். பதினொன்று.

பன்னிரண்டாவது ஒரு தட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. முட்டி போட்டுக் கையை நீட்டினேன். மணிக்கட்டில் ஜில்லென்று காற்று பட்டது.

அப்படியே தரையில் பரப்பியிருந்த உமியில் குப்புறப் படுத்துவிட்டேன்.

சத்தியமாக, ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது! நின்றால் சித்திரை வெயில், படுத்தால் ஊட்டி. சுவரோரம் தொங்கும் படுதாவின் அடியை எலி கடித்து வைத்திருக்கிறது, அந்த வழியாகத் தரையோடு தரையாகப் பனிக்காற்று வருகிறது.

குஞ்சு நம் உயரத்திலா நிற்கிறது?

“இன்னா பாப்பா, தாலாட்டு பாடுறியா? ஆறு வாரத்துல லாரி ஏறப்போறதுங்களுக்கு?” என்று சிரித்தார் சூப்பர்வைசர் அண்ணன்.

(நானும் சிக்கன் சாப்பிடுகிறவள்தான். ஞாயிற்றுக்கிழமை லெக் பீஸுக்குத் தம்பியோடு சண்டையே நடக்கும். ஆனாலும் அந்த ஆறு வாரமாவது நடுங்காமல் இருக்கட்டுமே.)

“அண்ணா... நீங்களும் படுங்க,” என்றேன்.

குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. நைனாவுக்குக் கேட்டுவிட்டது.

“படுப்பா. கட்டிலு இன்னா கொண்டாரணுமா?”

சூப்பர்வைசர் அண்ணன் தன் அயர்ன் செய்த பேண்ட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். படுத்தார்!

ஒரு குஞ்சு வந்து அவர் காதைக் கொத்தியது. அவர் தட்டிவிடவில்லை.

“ஐயோ, இன்னாண்ணே இது, இப்படி ஜில்லுனு அடிக்குது!”

நைனா ஓட்டையைச் சாக்கு வைத்து அடைத்தார். பல்புகளைத் தாழ இறக்கினோம். பக்கெட்டில் இருந்தவற்றை நான் பல்புக்கு அடியில் விட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்பது எழுந்து தண்ணீர் குடிக்கப் போயின. இரண்டு எழவே இல்லை.

சூப்பர்வைசர் அண்ணனுக்குச் சிரிப்பு போய்விட்டது, போனை எடுத்தார்.

“பாப்பா, இன்னும் ரெண்டு ஷெட்ல இதே மாதிரிதான் தெர்மாமீட்டர் கட்டியிருக்கேன். அவங்ககிட்டயும் வீக்கு குஞ்சப் பொறுக்கச் சொல்லிட்டேன். ஒருத்தருக்கு நான் போடுறேன், தளவானூர் அக்காவுக்கு நீ போடு. சீக்கிரம்!”

அந்த அக்காவை நான் பார்த்ததுகூட இல்லை. ரிங் போகப் போக, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்றுதான் நினைத்தேன்.

எடுத்துவிட்டார்.

“யாரு பேசுறது?”

“அக்கா, பக்கெட்ட கீழ வெச்சிட்டு, மொதல்ல ஷெட்டுல போயி தரையில படுங்க,” என்றேன்.