லிவர்பூலில் ஒரு சனிக்கிழமை

பர் துபாயில் துணிக்கடையில் நின்ற இருபது வருடத்தில் நான் சுற்றுலா என்று போனது ஒரே ஒரு தடவை, இங்கிலாந்துக்கு. இரண்டாயிரத்து மூன்றில், நான்கு நாள். கேட்டவர்களிடம் ஊர் பார்க்கப் போகிறேன் என்றேன். உண்மையில் போனது உம்மாவுக்காக.

உம்மாவின் வாப்பா கப்பலில் கரி அள்ளிப் போட்டவர். உம்மாவுக்கு இரண்டு வயதிருக்கும்போது லிவர்பூலில் காய்ச்சல் கண்டு மவுத்தாகிவிட்டார். கூட வேலை பார்த்தவர் அரபு எழுத்தில் தமிழாக எழுதிய கடிதம் ஒன்று வீட்டுக்கு வந்தது. எந்த இடுகாட்டில் அடக்கினார்கள் என்பது அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை உம்மா குர்ஆன் உறைக்குள் வைத்திருந்தாள்.

"எங்க வாப்பா கபுருல மூணு பிடி மண்ணு போட சொந்தம்னு ஒரு கை இல்லாமப் போச்சே வாப்பா," என்பாள். என்னையும் வாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அடக்கும்போது ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவது எங்கள் வழக்கம். எழுபது தாண்டியும் அவளுக்கு அந்தக் குறை தீரவில்லை. "நீ போயி அந்த எடத்தக் கண்டு, சலாம் சொல்லி, மண்ணு போட்டுட்டு வா. நான் நிம்மதியா கண்ண மூடிருவேன்."

இடுகாட்டு ஆபீஸில் பதிவேடு இருக்கும், பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டுவார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அழகாகப் பிளான் போட்டேன். வியாழன் லண்டனில் இறங்குவது, வெள்ளிக்கிழமை ஊர் சுற்றுவது, சனிக்கிழமை ஆபீஸ் திறந்ததும் லிவர்பூலில் நிற்பது, ஞாயிறு விமானம். வெள்ளிக்கிழமை எவன் ஆபீஸைத் திறப்பான்? துபாயில் எங்களுக்கு வெள்ளி லீவு, சனிக்கிழமை டூட்டி. வருடக்கணக்கில் உடம்பே அப்படிப் பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மாடி பஸ்ஸில் ஏறி அரண்மனை, மணிக்கூண்டு, பாலம் எல்லாம் பார்த்தேன். கோட்டும் டையுமாக ஆட்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகூட ஓய்வில்லையே, பாவம் என்று நினைத்தேன். பாவமாம்! என்னைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை முதல் ரயிலில் போய், வழி கேட்டுக் கேட்டு இடுகாட்டுக்குப் போனேன். கேட் திறந்திருந்தது. ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை என்று கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். இந்த ஊரில் லீவு சனியும் ஞாயிறும் என்று அப்போதுதான் மண்டையில் ஏறியது. திங்கட்கிழமை கடையில் நிற்காவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று முதலாளி சொல்லித்தான் லீவு கொடுத்திருந்தார்.

உள்ளே ஆயிரக்கணக்கில் கற்கள். சிலுவையும் தேவதையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. ஒரு மூலையில் அரபு எழுத்துள்ள கற்கள் இரண்டு மூன்று கிடந்தன. பக்கத்தில் ஒரு மரம், அதனடியில் கல்லே இல்லாத ஒரு பள்ளம். அங்கே நின்று பொதுவாகச் சலாம் சொன்னேன், பாத்திஹா ஓதினேன். சாயங்காலம் வரை சுற்றினேன். கால்தான் வலித்தது.

வெளியே பூத்திலிருந்து உம்மாவுக்குப் போன் போட்டேன்.

"கண்டியா வாப்பா?"

எழுபது வருடக் குரல் அது. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கண்டேன் உம்மா."

"மண்ணு போட்டியா?"

"போட்டேன்."

"பக்கத்துல என்ன இருக்கு?"

"ஒரு மரம். நல்ல நிழல்." அந்த ஊரில் அன்று வெயிலே இல்லை.

உம்மா விம்மி விம்மி அழுதாள். "எனக்கும் ஒரு பிடி அள்ளிட்டு வா. நான் மவுத்தானா என் கபுருல போடணும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனேன். மரத்தடிப் பள்ளத்தில் கைக்குட்டை நிறைய மண் அள்ளினேன்.

துபாய் வந்து, பால்பவுடர் டப்பாவில் மண்ணைப் போட்டு ஊருக்குப் போனவரிடம் கொடுத்துவிட்டேன். மனசு கேட்காமல் அந்த ஆபீஸுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். இரண்டு மாதத்தில் பதில் வந்தது, வரைபடத்தோடு. மரியாதையான மனிதர்கள், சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார்கள். நான் மண் அள்ளிய மூலைக்கு நேர் மறுகோடியில் இருந்தது வட்டம். அதற்குள் உம்மா அந்த டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, வந்த பெண்களிடமெல்லாம் "எங்க வாப்பா" என்று தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். இனி எந்த முகத்தோடு சொல்வது? வரைபடத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மறு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலை தம்பி போன் செய்தான். உம்மா சுபுஹு தொழுகைக்கு எழுந்திருக்கவில்லை.

"காக்கா, ஜும்ஆ முடிஞ்சதும் எடுக்குறோம். உங்களால வந்து சேர முடியாது, அலைய வேணாம். அந்த டப்பா மண்ணப் போடணும்னு உம்மா நூறு தடவ சொல்லிட்டாங்க. போட்டுரவா?"

பெட்டியில் அந்த வரைபடம் இருந்தது. "போடு," என்றேன்.

அன்று கடை லீவு. ரூமில் பாயில் உட்கார்ந்து, ஊரில் ஜும்ஆ முடியும் நேரம் பார்த்து அழுதேன். முன்பின் தெரியாத யாருடைய மண்ணோ உம்மாவோடு போனது. என் கையால் மூன்று பிடி போகவில்லை.