இடி வந்தால் அணைகிற பெட்டி

இடிமேகத்துக்குள் எலக்ட்ரான்கள் வெறிபிடித்து ஓடும், அதனால் பிறக்கும் காமா கதிர்கள் தரைக்கே வந்து கொட்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு தடவையாவது அதைக் கண்ணால் பார்க்க ஆசை. பெங்களூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கெஞ்சிக் கூத்தாடி, கதிர்களை எண்ணும் பெட்டி ஒன்றைக் கோடை முடியும்வரை இரவல் வாங்கிவந்தேன். மாரிகுப்பத்தில் எங்கள் வீட்டுப் பரணில் வைத்தேன். தகரக் கூரையெல்லாம் அந்தக் கதிருக்கு ஒரு தடையா?

இடி இடித்தால் மெயினை அணைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால், அணைக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சத்தியமே வாங்கினேன். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தபோது, விஞ்ஞானிகளின் இதுபோன்ற பெட்டிகளைக் கேஜ் என்ற சுரங்க லிஃப்டில் ஏற்றி இறக்கியவர் அவர்.

"நான் பாத்துக்கறம்மா, நீ போ" என்றார். வேறு யாரை நம்புவேன்?

முதல் மழையன்று ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பெட்டி என் போனுக்கு அனுப்பும் எண்ணிக்கை லேசாக ஏறி, உடனே நின்றுபோனது. "கரண்ட்டு பூட்ச்சிம்மா" என்றார் அப்பா. அடுத்த மழைக்கும் அதே கதை. மின்சார அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போட்டேன். "உங்க ஏரியாவுல கட்டே இல்லியே மேடம்" என்றவரைத் திட்டிவிட்டு, பேட்டரி ஒன்று வாங்கி மாட்டினேன்.

கோடையின் கடைசி இடிமழை. பங்காருப்பேட்டை தாண்டியதும் போனில் கோடு விறுவிறுவென்று ஏறியது. ஏறும்போதே அறுந்துபோனது.

வீட்டுக்கு ஓடினேன். பேட்டரி ஒயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டி வைத்திருந்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனாள். அவளுக்கும் தெரியும். பெற்ற இருவரும் கூடவே இருந்து குழி பறித்திருக்கிறார்கள்.

"எதுக்குப்பா?"

"பக்கத்து லைன் வூடுங்கள்ல செவுத்து விரிசல அளக்கத்தான் ஆபீசருங்க வந்தாங்க. அப்பால இன்னா ஆச்சி? இருக்க லாயக்கில்ல, காலி பண்ணுன்னாங்க. இங்க கதிரு வருதுன்னு உன் பொட்டி காட்டுனா, இந்த வூட்ட வுட்டுவெப்பாங்களா?"

"இடி இடிக்கிற எல்லா ஊர்லயும் வரும்பா. நம்மள ஒண்ணும் பண்ணாது."

"சுரங்கத் தூசியும் ஒண்ணும் பண்ணாதுன்னுதான் சொன்னாங்க" என்று இருமினார்.

எனக்கு ஆறவில்லை, இன்றும் ஆறவில்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அன்றே பெட்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பேனே. பொய்ச் சத்தியம் எதற்கு?

பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிப் பையில் கட்டினேன். அப்போது மறுபடி இடித்தது. கூரை அதிர்ந்தது. அப்பா அண்ணாந்து பார்த்தார்.

"இப்ப எவ்ளோ வந்துருக்கும்மா?"

"தெரியாதுப்பா" என்றேன்.