தெரியாது என்று சொல்லாத இயந்திரம்

37.5. இந்த எண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. குற்றாலம் போகும் சாலையில் ஒரு குஞ்சுப் பொரிப்பகம். முட்டைகளை அடுக்கி வைத்த பெரிய இயந்திரத்தின் முகப்பில் அந்த எண் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. உள்ளே முட்டைகளுக்குள் இருந்த குஞ்சுகள் அத்தனையும் குளிரில் செத்துக் கிடந்தன. முகப்பிலோ சூடு சரியாக இருப்பதாகத்தான் காட்டியது.

அந்த இயந்திரத்துக்குள் ஓடியது, தென்காசியில் எங்கள் சின்னக் கம்பெனி எழுதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம். சூட்டை அளக்கிற சென்சார் சொல்வதை வாங்கி, ஹீட்டரைப் போடுகிற, முகப்பில் எண்ணைக் காட்டுகிற புரோகிராம்களுக்குக் கொடுப்பது அதன் வேலை. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. எங்கள் குழுவில் மூத்தவர், செங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற ஓர் அக்கா. எண்ணோடு அதை அளந்த நேரமும் சேர்ந்து வர வேண்டும், சென்சார் பதில் சொல்லாவிட்டால் 'தெரியாது' என்றே வர வேண்டும் என்று பக்கம் பக்கமாக வரைந்து வைத்திருந்தார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுததுல என்ன கௌரவக் குறைச்சல்?" என்பார். மேனேஜர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "ஸ்க்ரீன் காலியா நின்னா கஸ்டமர் போன் போட்டு உயிரை எடுப்பான். கடைசியா வந்த நம்பரையே காட்டிட்டுப் போங்க." அக்கா முடியாது என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவதற்குள் நான் அவர் கேட்டபடியே எழுதிக் கொடுத்துவிட்டேன். மொத்தமே மூன்று வரிதான்.

அந்த ஆடியில் சாரல் விடாமல் அடித்தது. பொரிப்பகத்தில் சென்சார் ஒயரை எலி கடித்துவிட்டது. கடைசியாக வந்த எண்ணையே எங்கள் சிஸ்டம் திரும்பத் திரும்பக் கொடுக்க, சூடு போதும் என்று இயந்திரம் ஹீட்டரைப் போடவே இல்லை. முட்டைத் தட்டு அடுக்குகிற பெண் ஒருத்தி, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடியிருக்கிறாள். "சார், மிஷின் சில்லுன்னு கெடக்கு." அவர் முகப்பைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மிஷினுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டோ? போய் வேலையைப் பாரு" என்று விரட்டியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து எல்லாம் போச்சு என்று தெரிந்ததும் பழி அவள் தலையில்தான் விழுந்தது. கதவைத் திறந்து போட்டுவிட்டாளாம். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அடப் பாவிகளா! சொன்னவளே அவள்தானே.

இயந்திரத்தில் பதிவான சூட்டு ரெக்கார்டை அச்செடுக்க மேனேஜரும் அக்காவும் நானும் பொரிப்பகத்துக்குப் போனோம். அந்தப் பெண் மறுபடி வேலை கேட்டு வந்து வாசலோரம் நனைந்துகொண்டு நின்றாள்; அக்கா அவளையும் உள்ளே கூட்டிக்கொண்டார். ரெக்கார்டு அச்சாகி வந்த காகிதத்தை அக்கா ஒரு முறைதான் பார்த்தார். "அண்ணாச்சி, கதவு தொறந்து கெடந்தா நம்பர் எறங்கியிருக்கணும்லா? ரெண்டு நாளா ஒரு புள்ளி அசையல. நல்லா இருக்கிற சென்சார் இப்படி நிக்காது" என்று பொரிப்பக முதலாளியிடம் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்க சென்சார் ஒயரை மொத்தமாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டார். எண் அப்படியே எரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். "அன்னைக்கே சொன்னேம்லா சார்" என்று அந்தப் பெண் அழுதாள்.

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "எந்தப் பய இதை இப்படி எழுதுனான்?"

மேனேஜர் போனை நோண்டினார். நான் ரெக்கார்டுக் காகிதத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். "குழுவுல மூத்தவ நாந்தான். என்னைய கேளுங்க" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணை அன்றே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அக்காவை அந்த வாரமே கம்பெனியிலிருந்து அனுப்பினார்கள். இப்போது எங்கள் சிஸ்டம் நேரத்தையும் சொல்கிறது, தெரியாவிட்டால் தெரியாது என்றும் சொல்கிறது. எல்லாம் அக்கா வரைந்ததுதான். மேலே மேனேஜர் பெயர் இருக்கிறது. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. ஆனால் அந்த ஆளைத் திட்டி முடித்த பிறகும் என் கோபம் அடங்குவதில்லை.

அக்கா கடைசியாக வீடு திரும்பிய அன்று பஸ் ஸ்டாண்டு வரை கூடவே போனேன். "ஏங்க்கா நீங்க எழுதுனதா ஏத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. செங்கோட்டை பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நீ வாயைத் தொறப்பன்னு கொஞ்ச நேரம் பாத்தேன் தம்பி. தொறக்கல. அதுக்கப்புறந்தான் சொன்னேன்."