வறுத்த கொட்டையும் வறுக்காத கொட்டையும்

2025 பிப்ரவரி 18, செவ்வாய், காலை 9 மணி 10 நிமிடம். மலையில் மூடுபனி விலகவில்லை. சாலையோர மரங்களுக்கிடையே விழுந்த வெயில், பனியில் கம்பி கம்பியாகத் தெரிந்தது. நான் என் மகளின் ஆய்வகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஜவ்வாது மலைக் கல்லூரி ஒன்றில் அவள் வேதியியல் ஆசிரியை.

புளியங்கொட்டைப் பிசினைக் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக்கி, அவற்றுக்குள் கண் மருந்தை அடைப்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. அப்படி அடைத்தால், மருந்து கண்ணீரோடு வழிந்துவிடாமல் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்குமாம். கொட்டை கொடுத்தவன் நான். முதல் கிலோவை, தோல் எளிதாகக் கழலட்டும் என்று, தின்பதற்கு வறுப்பதுபோல மணலில் போட்டுச் சிவக்க வறுத்துவிட்டேன். சூட்டில் பிசின் கெட்டு, துகள்கள் திரண்டு அடியில் படிந்தன. மறுபடி படிந்தால் புளியங்கொட்டையையே விட்டுவிடும்படி அவளுடைய நெறியாளர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. போன வாரம் வறுக்காமல் இன்னொரு கிலோ கொடுத்தேன்: 1,184 கொட்டைகள். அதன் முடிவு இன்று.

கண்ணாடிக் குவளையில் பிசின் கரைத்த நீர் சுழன்றது. பிசின் துகள்களாகப் பிரிய, அதில் அசிட்டோனைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நான் எண்ணினேன். அறுபது வரை ஒன்றுமில்லை. அறுபத்தொன்றில், பால் பாத்திரம் கழுவிய தண்ணீரைப் போல, லேசாக நீலம் பூத்தது.

"எண்ணிக்கினு பக்கத்துல நிக்காதப்பா, எனுக்குக் கவனம் செதறுது. வெளிய போய் குந்து."

படிகிறதா என்று பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும் என்றாள். வராந்தாவில் உட்கார்ந்து, பையில் மீந்திருந்த வறுத்த கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கடித்தேன். பதினேழாவதில் கடைவாய்ப்பல் பிளந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டாள். குவளையின் அடியில் ஒரு பொட்டுக்கூடப் படியவில்லை. விளக்கை அணைத்து, லேசர் பேனாவின் ஒளியை வெறும் தண்ணீருக்குள் விட்டாள். ஒன்றும் தெரியவில்லை. குவளைக்குள் விட்டாள். இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒரு சிவப்புக் கம்பி நின்றது; துகள்கள் படியாமல் மிதந்தால்தான் ஒளி இப்படித் தெரியுமாம். காலையில் பனியில் பார்த்த அதே கம்பி.

ஒரு சொட்டில் எத்தனை துகள் இருக்கும் என்று கேட்டேன்.

"ஒரு முடியோட அகலத்துல நானூறு நிக்கும். சொட்டுல கோடிக்கணக்குல. உட்டா எண்ணுவியே நீ."

என் வாசல் மரத்தின் கொட்டை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் விளக்கைப் போடும்வரை அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மலையிலிருந்து கலசப்பாக்கத்துக்கு இறங்கினேன். பல் பிடுங்க 600, மாத்திரை 85, போகவர பஸ் 90. ஆக 775 ரூபாய்.