காய்ந்த பால்

பட்டறையில் அவரைப் பால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடு கிடையாது, கறவை கிடையாது. கேமரா லென்ஸுக்கு மெருகேற்றும் பிரிவில் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் கலக்கி இயந்திரத்துக்கு ஊற்றுவது அவர் வேலை. இளமஞ்சளாக வரும் அந்தக் கலவைக்கு அங்கே பால் என்று பெயர். கண்ணாடியை அது தேய்க்கவும் செய்யும், மேல்பரப்பைக் கொஞ்சம் இளக்கியும் கொடுக்கும். வேறு எந்தப் பொடியிலும் அப்படி ஒரு பளபளப்பு வராது. ஆனால் தண்ணீரில் கரைகிற ஜாதி இல்லை. கலக்காமல் விட்டால் அடியில் கல்லாக உட்கார்ந்துவிடும்.

ஜாக்கிரதை விஷயத்தில் மனுஷர் படு கறார். மூட்டை பிரிக்கும்போது முகமூடி, கீழே சிந்தினால் ஈரத்துணி. துடைப்பத்தை எடுத்தவனை ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். பறந்தால்தான் பயம், ஈரமாக இருக்கும்வரை வெறும் பால் என்பார். வருஷா வருஷம் எடுக்கிற நெஞ்சுப் படத்தில் ஒரு புள்ளி கிடையாது. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூச்சு வாங்கியது மனைவிக்கு. முதலில் மாடிப்படியில், பிறகு வாசலுக்கு நடந்தால், இப்போது தலை சீவினாலே. மூன்று டாக்டர்கள் இருமல் மருந்தாக எழுதித் தள்ளினார்கள். நான்காமவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கிறீங்கம்மா?"

"வீட்டுலதான் இருக்கேன்."

"தூசி, பொடி எதுலயாவது புழங்குறீங்களா?"

"அதெல்லாம் இல்ல டாக்டர். இவரோட பட்டறை ஏப்ரன் ஒண்ணுதான். ஈரத்தோட கொடியில போடுவாரு, காலையில பொடி காஞ்சு விறைச்சு நிக்கும். அப்படியே ஊற வெச்சா குழாய் அடைச்சுக்குது. அதான் முதல்ல உதறிடுவேன். வீடெல்லாம் ஆகக்கூடாதுன்னு பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுதான் உதறுவேன். பதினோரு வருஷமா தினம் இதானே."

பட்டறைக்கே பாடம் எடுத்தவர், வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லத் தோன்றவே இல்லை.

"நுரையீரல் இறுகிப்போயிருக்கு. அந்தப் பொடியாதான் இருக்கும்னு நினைக்கிறேன். டெஸ்ட் பண்ணிடலாம்" என்றார் டாக்டர்.

"மருந்து குடுத்தா கரைஞ்சிடும்ல டாக்டர்?"

கரையாது என்று அந்த அறையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. இருந்தும் கேட்டார். வேறு எதைக் கேட்பது?

"இதுக்கு மேல கூடாம பார்க்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும், மூச்சை இழுத்து இழுத்து அவள் கேட்டாள்.

"அந்தப் பொடியிலதானே நாள் பூரா நிக்கிறீங்க. உங்களுக்கும் இப்படி வாங்குதா? மறைக்காம சொல்லுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"நெஜமா?"

"நெஜமா."

"அப்பாடா" என்று அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, அவர் வாய்விட்டு அழுதார்.